முருங்கைக்கீரைக்குள் இருக்கும் மஞ்சள் நம் ரத்தத்துக்கு வரும் வழி

கேரட்டை ஆரஞ்சாக்கும் அதே பொருள் முருங்கைக்கீரையிலும் நிறைய இருக்கிறது. பச்சை மேலே மூடியிருப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. முருங்கை இலை பழுத்து உதிரும்போது மஞ்சளாகிறதே, அது புதிதாக வந்த நிறம் இல்லை. பச்சையம் சிதைந்ததும் அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்த மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகளைக் கரோட்டினாய்டுகள் என்கிறார்கள். கேரட், பப்பாளி, மாம்பழம், பரங்கிக்காய், தக்காளி, மிளகாய் வத்தல், சுட்டால் நாரோடு சேர்ந்து இனிக்கும் பனம்பழத்தின் சதை, எல்லாவற்றிலும் நிறத்தைத் தருவது இவைதான். இயற்கையில் 700 வகைகளுக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். மனிதர்களின் சாப்பாட்டில் வழக்கமாக வருபவை ஏறக்குறைய 40 வகை. ரத்தத்தில் பார்த்தால் அதிலும் பாதிதான் தென்படுகிறது. இலையில் இருப்பதற்கும் ரத்தத்தில் சேர்வதற்கும் நடுவே சிறுகுடல் இருக்கிறது. எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எடுத்ததை என்ன செய்வது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. இந்தக் கட்டுரை அந்த இடத்தைப் பற்றியது.

ஏன் இவ்வளவு அக்கறை என்றால், முக்கியமாகப் பீட்டா கரோட்டின் என்ற நிறமியிலிருந்து நம் உடம்பு வைட்டமின் ஏ தயாரிக்கிறது. அது குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். குழந்தைகளுக்குப் பார்வையே போகலாம். லுட்டீன், சியாசாந்தின் என்ற இன்னும் இரண்டு நிறமிகள் விழித்திரையின் நடுவில் உள்ள மஞ்சள் புள்ளியில் போய்ச் சேர்ந்து நீல ஒளியை வடிகட்டுகின்றன. இவற்றை உடம்பால் சொந்தமாகச் செய்ய முடியாது. கீரை, மக்காச்சோளம், முட்டை மஞ்சள் கரு என்று தின்றால்தான் உண்டு.

இந்த நிறமிகளின் குணத்தை அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். மீன் குழம்பை இறக்கும் நேரத்தில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அந்த எண்ணெயை மட்டும் கரண்டியில் அள்ளிப் பாருங்கள். செக்கச்சிவப்பாக இருக்கும். வத்தலில் இருந்த கரோட்டினாய்டுகள் தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயில் போய்க் கரைந்திருக்கின்றன. பீட்ரூட்டை வேகவைத்தால் கதை நேர் எதிர். தண்ணீர் சிவந்துவிடும், எண்ணெயில் நிறம் ஏறாது. பீட்ரூட்டின் நிறமி வேறு குடும்பம், தண்ணீரில் கரைவது. கரோட்டினாய்டுகளோ எண்ணெயில் மட்டுமே கரைபவை. நம் குடலுக்குள் இருப்பதோ பெரும்பாலும் தண்ணீர். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நிறமி செடியை விட்டு வெளியே வரவேண்டும். அது அவ்வளவு லேசான காரியம் இல்லை. கீரையில் இந்த நிறமிகள் பச்சையத்தோடு சேர்ந்து, புரதங்களில் இறுகப் பிணைந்து கிடக்கின்றன. கேரட்டில் நுண்ணிய படிகங்களாக இருக்கின்றன. இவற்றைச் சுற்றி செல்சுவர், அதன் நார். நமக்கு நாரைச் செரிக்கும் என்சைம் கிடையாது. பப்பாளியில் மட்டும் நிலைமை கொஞ்சம் சாதகம். அதில் பீட்டா கரோட்டின் கொழுப்போடு கலந்து இளகிய நிலையில் இருப்பதால், ஒரு ஆய்வில் கேரட்டையும் தக்காளியையும்விட ஏறக்குறைய 3 மடங்கு அதிகமாக ரத்தத்தில் சேர்ந்தது. பார்க்கும்போது கேரட்தான் அடர்ந்த நிறம். நிறத்தை வைத்து மட்டும் எவ்வளவு சேரும் என்று சொல்லிவிட முடியாது.

கீரை விஷயத்தில் இதைக் கண் திறந்து காட்டியது இந்தோனேசியாவில் நடந்த ஓர் ஆய்வு. மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மார்களில் ஒரு பிரிவுக்குத் தினமும் வதக்கிய கரும்பச்சைக் கீரைகள் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே அளவு பீட்டா கரோட்டினைக் கலந்த பிஸ்கட் போன்ற ஒரு தின்பண்டம். பண்டம் தின்றவர்களுக்கு வைட்டமின் ஏ நன்றாக உயர்ந்தது, கீரை தின்றவர்களுக்குப் பெரிய மாற்றமே இல்லை. 1995-இல் இந்த முடிவு வெளியானபோது ஊட்டச்சத்துத் துறையில் பலருக்கும் அதிர்ச்சி. கீரையில் சத்து இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சத்து உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது, அதை வெளியே கொண்டுவரத் தனியாக மெனக்கெட வேண்டும் என்று அர்த்தம்.

அந்த மெனக்கெடல் நம் சமையலில் நிறையவே இருக்கிறது. கீரையைப் பொடிசாக நறுக்குகிறோம், வேகவைக்கிறோம், மத்தால் கடைகிறோம். ஒவ்வொன்றும் செல்சுவரை உடைக்கும் வேலை. சூடு நிறமியைப் புரதத்திலிருந்து பிரிக்கிறது. தக்காளியை எண்ணெயில் வதக்கும்போது அதன் சிவப்பு நிறமியான லைகோபீனின் வடிவமே கொஞ்சம் வளைந்து, குடல் எளிதாக எடுத்துக்கொள்ளும் வகைக்கு மாறுகிறது. சமைக்காத தக்காளியைவிட வதக்கிய தக்காளி மேல் என்று சொல்ல இதுதான் காரணம். அளவுக்கு மீறிக் கருக வறுத்தால் நிறமி அழிந்துபோகும், அது வேறு விஷயம். வைட்டமின் சி-யை நினைத்து எல்லாவற்றையும் பச்சையாகத் தின்னச் சொல்பவர்கள் உண்டு. வைட்டமின் சி-க்கு அது சரி. கரோட்டினாய்டுக்கு அடுப்பு வேண்டும்.

அப்புறம் மென்று தின்னவேண்டும். வாயிலேயே உடையாத கேரட் துண்டு குடலில் உடையும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

வயிற்றில் அமிலமும் அசைவும் சேர்ந்து உணவைக் கூழாக்குகின்றன. நிறமி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, சாப்பாட்டில் இருக்கும் எண்ணெய்ச் சொட்டுகளுக்குள் புகுந்துகொள்கிறது. எண்ணெய் இருந்தால்தானே புகமுடியும்? எண்ணெய்க்கு இங்கே முதல் வேலை.

அடுத்தது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. கொழுப்பு அங்கே வந்து சேர்ந்ததும் குடல் சுவரிலிருந்து ஒரு ஹார்மோன் சுரக்கிறது. பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விடுவது அந்த ஹார்மோன் சொல்லித்தான். கணையத்திலிருந்து கொழுப்பை உடைக்கும் என்சைம்களும் வருகின்றன. கொழுப்பே இல்லாத சாப்பாடு என்றால் பித்தப்பை சரியாகச் சுருங்காது. ஆக, எண்ணெய்க்கு இரண்டாவது வேலை பித்தநீரை வரவழைப்பது.

பித்தநீர் என்ன செய்கிறது என்பதைக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஐந்தருவித் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுந்தாலும் உடம்பில் தேய்த்த எண்ணெய் முழுதாகப் போகாது. சீயக்காய் தேய்த்தால் போய்விடும். சீயக்காயில் உள்ள பொருளுக்கு ஒரு பக்கம் எண்ணெயைப் பிடிக்கும், மறுபக்கம் தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெயைச் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு கொண்டுபோய்விடும். பித்த உப்புகளும் அப்படித்தான். உடைந்த கொழுப்பையும் அதில் கரைந்த நிறமியையும் உள்ளே வைத்து, தண்ணீருக்குள் மிதக்கக்கூடிய மிகச் சிறிய உருண்டைகளாகச் செய்துவிடுகின்றன. மைசெல் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடவும் சிறியது. இந்த உருண்டைக்குள் ஏறாத நிறமி குடல் சுவரின் பக்கத்திலேயே போகமுடியாது. மலத்தோடு வெளியேறும்.

கல்லீரல் ஒரு நாளைக்குச் சுமார் 600 மில்லி முதல் 1 லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. வேலை முடிந்ததும் பித்த உப்பில் 95 சதவீதம் அளவுக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே போகிறது. பித்தப்பையை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். அவர்களுக்கும் கல்லீரலிலிருந்து பித்தநீர் நேராகக் குடலுக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது குடல் சுவர். சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் இல்லை. அரை மில்லிமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் உயரமுள்ள குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் செல்கள், ஒவ்வொரு செல்லின் மேலும் இன்னும் நுண்ணிய நீட்சிகள். மைசெல் அங்கே வந்து நிறமியை இறக்குகிறது. கொழுப்பில் கரைவதுதானே, தானாக ஊறி உள்ளே போய்விடும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். பிறகுதான் செல் சுவரில் இதற்கென்று புரதங்கள் இருப்பது தெரிந்தது. முக்கியமானது எஸ்ஆர்-பி1 என்ற புரதம். கொலஸ்டிராலைக் கையாளும் அதே புரதம் கரோட்டினாய்டுகளையும் பிடித்து உள்ளே விடுகிறது. சிடி36 என்பது இன்னொன்று. நிறமிகள் இவற்றுக்காகப் போட்டியும் போடுகின்றன. ஒரே வேளையில் ஒரு கரோட்டினாய்டை மாத்திரையாக மிக அதிகமாக விழுங்கினால் மற்றவை உள்ளே போவது குறையலாம்.

செல்லுக்குள் போன பீட்டா கரோட்டினில் ஒரு பகுதியை ஒரு என்சைம் சரியாக நடுவில் வெட்டுகிறது. ஒரு மூலக்கூறிலிருந்து இரண்டு ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம், கிடைக்கிறது. தாவர நிறமி உடம்புக்குள் வைட்டமின் ஏ ஆகிறது என்பதை 1930-இல் தாமஸ் மூர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி எலிகளுக்குக் கரோட்டின் கொடுத்துப் பார்த்து நிரூபித்தார். அவற்றின் கல்லீரலில் மஞ்சள் நிறம் இல்லை, வைட்டமின் ஏ இருந்தது. வெட்டும் வேலை பெரும்பகுதி குடலிலேயே நடக்கிறது என்பது பின்னால் தெளிவானது.

இந்த வெட்டுதலைக் கண்ணால் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றங்கரையில் பசுவும் எருமையும் ஒரே புல்லைத்தான் மேய்கின்றன. பசு நெய் மஞ்சளாக இருக்கிறது, எருமை நெய் வெள்ளையாக இருக்கிறது. பசு கரோட்டினில் கணிசமான பகுதியை வெட்டாமல் அப்படியே எடுத்துக்கொள்கிறது. அது பால் கொழுப்பில் இறங்குகிறது. எருமை ஏறக்குறைய எல்லாவற்றையும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. வைட்டமின் ஏ-க்கு மஞ்சள் நிறம் கிடையாது. ஆகவே வெள்ளை நெய்யில் சத்து குறைவு என்று நினைப்பது தவறு. மனிதர்கள் இரண்டுக்கும் நடுவில். நாமும் கொஞ்சம் வெட்டுகிறோம், கொஞ்சம் முழுதாகவே எடுத்துக்கொள்கிறோம். இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. அந்த என்சைமுக்கான மரபணுவில் சிறு மாறுதல் உள்ளவர்களுக்கு வெட்டும் வேகம் குறைவு. அண்ணன் தம்பி ஒரே சட்டிக் கீரையைத் தின்றாலும் ஒரே அளவு வைட்டமின் ஏ கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. உடம்பில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால், அதிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் குடல் செல்லில் ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தூண்டுகிறது. அந்தப் புரதம், நிறமியை உள்ளே விடும் எஸ்ஆர்-பி1 புரதத்தையும் வெட்டும் என்சைமையும் ஒருசேரக் குறைத்துவிடுகிறது. எலிகளில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். பற்றாக்குறை வந்தால் இரண்டும் மறுபடி கூடும். தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டால்தான் கீரையும் காயும் எவ்வளவு தின்றாலும் வைட்டமின் ஏ நஞ்சாவதில்லை. கல்லீரல் உணவுகளிலும் மாத்திரைகளிலும் நேரடியாக வரும் வைட்டமின் ஏ-க்கு இந்தத் தடை இல்லை. அங்கே அளவு மீறினால் ஆபத்து.

குழந்தைக்குத் தினமும் கேரட்டும் பரங்கிக்காயும் பப்பாளியும் மசித்துக் கொடுக்கும் வீடுகளில் ஒரு பயம் வரும். உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளாகிவிடும். “மஞ்சக்காமாலையா இருக்குமோ, ஆச்சி?” என்று பதறுவார்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் பெரும்பாலும் வெட்டுப்படாத கரோட்டின் தோலில் சேர்ந்ததுதான். கொஞ்ச நாள் குறைத்தால் மறையும். கண்ணும் மஞ்சள் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும்.

செல்லுக்குள் வந்துவிட்டாலும் பயணம் முடியவில்லை. நிறமியையும் வைட்டமின் ஏ-யையும் வெளியே அனுப்பக் குடல் செல், சாப்பாட்டிலிருந்து வந்த கொழுப்போடு சேர்த்துக் கைலோமைக்ரான் என்ற பெரிய கொழுப்புத் துகள்களைக் கட்டுகிறது. கொழுப்பு இல்லாவிட்டால் இந்தத் துகள் சரியாக உருவாகாது. எண்ணெய்க்கு மூன்றாவது வேலை. அந்தத் துகள்கள் நேராக ரத்தத்துக்குள் நுழைவதில்லை. நிணநீர்க் குழாய்கள் வழியாக மேலேறி, இடது கழுத்துக்கு அடியில் உள்ள பெரிய சிரையில்தான் ரத்தத்தோடு கலக்கின்றன. அங்கிருந்து கல்லீரல், கொழுப்புத் திசு, கண். மதியம் தின்றதில் ஒரு பகுதி செல்லிலேயே தங்கி, அடுத்த வேளைக் கொழுப்பு வந்ததும் அதோடு சேர்ந்து போவதும் உண்டு. ஆனால் குடல் செல்லின் ஆயுள் 3 முதல் 5 நாள்தான். அதற்குள் போகாத நிறமி செல்லோடு உதிர்ந்துவிடும்.

மூன்று இடத்திலும் எண்ணெய் வேண்டும் என்றதும் சட்டியை நிரப்ப வேண்டியதில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் 3 முதல் 5 கிராம் கொழுப்பு இருந்தாலே வேலை நடக்கும் என்கிறார்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெய் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதுவும் இல்லை என்றால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்பே இல்லாத கலவை ஊற்றிக் காய்கறி சாலட் தின்றவர்களின் ரத்தத்தில் கரோட்டினாய்டு ஏறக்குறைய சேரவே இல்லை. எண்ணெய் சேர்த்துத் தின்றவர்களுக்குத் தெளிவாக ஏறியது.

எடையைக் குறைக்க வேண்டும், கொலஸ்டிரால் இருக்கிறது என்று பாளையங்கோட்டையில் இப்போது பல வீடுகளில் கீரையை வெறும் தண்ணீரில் அவித்து, தேங்காயும் தாளிப்பும் இல்லாமல் தின்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் கேரட் ஜூஸ் வேறு. அக்கறை உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் எண்ணெயைக் குறைக்க வேண்டிய இடம் பஜ்ஜி, வடை, மிக்சர். கீரையில் விடும் ஒரு ஸ்பூன் எண்ணெயைப் பிடுங்கிக்கொண்டால் கீரையில் இருந்த மஞ்சளில் பெரும்பகுதி வீணாகிறது. ஜூஸ்தான் வேண்டும் என்றால் சாப்பாட்டோடு குடிக்கலாம்.

திருநெல்வேலிக் கூட்டாஞ்சோற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அரிசி, துவரம்பருப்போடு முருங்கைக்கீரை, கத்தரிக்காய், மாங்காய், முருங்கைக்காய், வாழைக்காய் எல்லாம் ஒரே பானையில் குழைய வேகின்றன. செல்சுவர் உடைய நேரம் கிடைக்கிறது. தேங்காயைச் சின்ன உள்ளி, சீரகம், வத்தலோடு அரைத்து ஊற்றுகிறோம். தேங்காயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. சில்லாகக் கடித்தால் அந்தக் கொழுப்பும் நாருக்குள்ளேயே அடைபட்டிருக்கும். அரைத்தால் வெளியே வரும். கடைசியில் தாளிப்பு, மேலே கொஞ்சம் நெய். நிறமிக்குத் தேவையான அனைத்தும் ஒரே கவளத்தில் சேர்ந்துவிடுகின்றன. நம் முன்னோர் இந்த வேதியியலைத் தெரிந்துதான் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ருசிக்காகச் செய்திருப்பார்கள். ருசியைக் கூட்டும் மணப்பொருள்கள் பலவும் நிறமியும் எண்ணெயில் கரைபவை என்பதால் இரண்டுக்கும் ஒரே வழி போதுமானதாகிவிட்டது.

எல்லா நிறமிக்கும் இந்த வழி பொருந்தாது. நாவல்பழம், கத்தரிக்காய்த் தோல் ஆகியவற்றின் ஊதா நிறம் ஆந்தோசயனின். தண்ணீரில் கரையும், பித்தநீர் தேவையில்லை. ஆனால் சிறுகுடலில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிறு துண்டுகளாக்கிய பிறகே கொஞ்சம் உள்ளே சேர்கிறது. மஞ்சள் கிழங்கின் குர்குமின் எண்ணெயில் கரைந்தாலும், குடலும் கல்லீரலும் உடனே அதை உருமாற்றி வெளியேற்றிவிடும். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்தான பைப்பரினைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் கிடைக்கும் அளவு 2000 சதவீதம் கூடியது. மிளகு அந்த உருமாற்றத்தைத் தாமதப்படுத்துகிறது.

நன்றாகச் சமைத்தும் சத்து சேராமல் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. பித்தக் குழாயில் கல் அடைத்தால் மைசெல் உருவாகாது. கணையம் கெட்டால் கொழுப்பு உடையாது. பிள்ளைகளின் குடலில் உருண்டைப் புழு இருந்தால் கொழுப்பும் வைட்டமின் ஏ-யும் உறிஞ்சப்படுவது குறையும். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளைக்கு அதைத் தவறவிடாதீர்கள். 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவமும் அப்படித்தான். கீரை போதும் என்று அதை விட்டுவிடக் கூடாது, மேற்கு ஜாவா கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உணவில் உள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினிலிருந்து 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைக்கும் என்று கணக்கிடுகிறார்கள். எண்ணெயில் கரைத்த தூய பீட்டா கரோட்டின் என்றால் 2 மைக்ரோகிராமே போதும். செல்சுவர், புரதம் என்ற தடைகள் இல்லாததால் அது அவ்வளவு எளிதாக உள்ளே போகிறது. அப்படியானால் மாத்திரையே மேல் என்று தோன்றும். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை அது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்விலும் இதேபோல் தெரிந்ததால் 1996-இல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். பீடியோ சிகரெட்டோ பழக்கம் உள்ளவர்கள், முன்பு புகைபிடித்து இப்போது நிறுத்தியவர்களும்கூட, டாக்டரைக் கேட்காமல் பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்க வேண்டாம். கேரட்டும் கீரையும் பப்பாளியும் அவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.